சேர்க்கை வாய்ப்பு அறிக்கை: விலை கொடுத்து வாங்கிய சதவீதங்கள்

அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு, எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு உண்டு என்று கணித்துத் தரும் சேவையைச் சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனம் விற்கிறது. சிவகாசியில் சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்காக இதை வாங்கினோம். ஐந்து இலக்கக் கட்டணத்துக்கு இரண்டு கிடைக்கின்றன: பதினைந்து பல்கலைக்கழகங்களுக்கான வாய்ப்பு அறிக்கை ஒன்று, ஆலோசகருடன் இணையவழிச் சந்திப்பு மற்றொன்று. இதே மாதிரி அறிக்கையைப் பல நிறுவனங்கள் விற்பதால், இந்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிட்டுச் சேவையை மட்டும் மதிப்பிடுகிறேன்.

அறிக்கை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வழவழப்பான தாள், பல்கலைக்கழகச் சின்னங்கள், ரீச் (எட்டுவது கடினம்), டார்கெட் (நியாயமான வாய்ப்பு), சேஃப்டி (ஏறத்தாழ உறுதி) என்று மூன்று நிறப் பட்டைகள், ஒரு தசம இடம் வரை கணிக்கப்பட்ட சதவீதங்கள். எம்ஐடிக்கு (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) எதிரே 11.4 என்று போட்டிருந்தார்கள். எம்ஐடி தன் சேர்க்கைப் புள்ளிவிவரத்தை ஆண்டுதோறும் தானே வெளியிடுகிறது. 2024இல் விண்ணப்பித்தவர்கள் 28,232 பேர். இடம் பெற்றவர்கள் சுமார் 4.5 சதவீதம். வெளிநாட்டு மாணவர்களுக்கான கணக்கைத் தனியாகவும் காட்டுகிறார்கள். அது ஏறத்தாழ 2 சதவீதம்தான். பன்னாட்டு ஒலிம்பியாட் பதக்கத்தோடு வருபவர்களும் கலந்த கூட்டத்துக்கே 2 சதவீதம் என்றால், மாவட்ட அளவிலான கணிதப் போட்டிப் பரிசு மட்டுமே வைத்திருக்கும் எங்கள் பெண்ணுக்கு 11.4 எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். தங்களுடைய பழைய மாணவர்களின் தரவிலிருந்து கணித்ததாகப் பதில் வந்தது. அந்தப் பழைய மாணவர்களில் எத்தனை பேர் எம்ஐடிக்குப் போனார்கள் என்ற கேள்விக்குக் கடைசி வரை பதில் வரவில்லை.

மதிப்பெண்ணை வைத்து வாய்ப்பைக் கணிப்பதன் சிக்கல், சேர்க்கையில் இனப் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது நடந்த வழக்கில் வெளிவந்த ஆவணங்களைப் பார்த்தால் விளங்கும். 2019இல் பட்டம் பெற வேண்டிய அணிக்கு அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 8,000க்கும் மேற்பட்டோர் பள்ளியில் முழு மதிப்பெண் சராசரி பெற்றவர்கள். சுமார் 3,500 பேர், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்ஏடியில், கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். முதலாண்டு வகுப்பில் இருந்த இடமோ 1,700ஐ ஒட்டியது. ஆக, மதிப்பெண் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தும்; அதற்கு மேல் படிப்பு, பாடம் தாண்டிய செயல்பாடுகள், விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனியாகத் தரமிட்டு, பரிந்துரைக் கடிதங்களையும் கட்டுரைகளையும் படித்து, ஒரு குழு உட்கார்ந்து விவாதித்து முடிவு செய்கிறது. கடிதத்தையும் கட்டுரையையும் கண்ணால் பார்க்காத ஒரு நிரல், தசம இடம் வரை துல்லியம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த நிரலுக்குள் என்ன இருக்கிறது என்பதை நாங்களே ஓரளவு கண்டுபிடித்தோம். இணையதளப் படிவத்தில் விவரங்களை மாற்றி மாற்றிப் பார்க்க முடிகிறது. ‘தொண்டு நிறுவனம் தொடங்கியவர்’ என்ற கட்டத்தில் டிக் அடித்ததும் எல்லாப் பல்கலைக்கழகங்களின் சதவீதமும் ஒன்றாக எகிறியது, எடுத்ததும் இறங்கியது. (அதே நிறுவனம், தொண்டு நிறுவனம் தொடங்க உதவும் தொகுப்பு ஒன்றையும் தனிக் கட்டணத்தில் விற்கிறது.) கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்கு, எஸ்ஏடி மதிப்பெண்ணால் கூடும் வாய்ப்பு என்று தனி வரியே இருந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்கள் 2021லிருந்து சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. மொத்தத்தில் பதினோரு பேரில் ஒருவருக்கு இடம் கொடுக்கும் அந்த வளாகத்தை ‘டார்கெட்’ என்று பச்சை நிறத்தில் போட்டதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை, நிதியுதவி தேவையா என்ற கேள்வி படிவத்தில் எங்குமே இல்லாதது. முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலரைத் தாண்டுகிறது. நம் ஊரில் அதை நான்கு ஆண்டுகள் கட்டக்கூடிய குடும்பங்கள் மிகக் குறைவு. மற்றவர்களுக்கு முதல் கேள்வியே இதுதான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹெர்ஸ்ட், போடின் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதைச் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுக்காமல், தேர்ந்தெடுத்த பிறகு குடும்பத்தின் தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. ஸ்டான்போர்டு, கொலம்பியா, கார்னெல் போன்றவை கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அங்கே உதவி கேட்கும் மாணவரும் கேட்காத மாணவரும் நிற்பது வேறு வேறு வரிசைகளில். சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. ஸ்டான்போர்டில், விண்ணப்பிக்கும்போதே உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு நான்கு ஆண்டுகளும் கேட்க முடியாது. ஆனால் இந்த அறிக்கை இரு வகை மாணவருக்கும் ஒரே எண்ணைத்தான் தரும்.

இதன் தொடர்ச்சியாக வந்ததுதான் ‘எர்லி டிசிஷன்’ பரிந்துரை. நவம்பரிலேயே ஒரே ஓர் இடத்துக்கு, கிடைத்தால் சேர்ந்துவிடுகிறேன் என்று கையெழுத்திட்டு விண்ணப்பிப்பது இந்த முறை. இதில் தேர்வு விகிதம் கூடுதல் என்பது உண்மை. அந்தக் கூடுதலுக்குள் விளையாட்டுப் பயிற்றுநர்கள் முன்பே தேர்ந்தெடுத்து வைத்தவர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அடக்கம் என்பதை அறிக்கை சொல்லவில்லை. நிதியுதவி போதவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். ஆனால் மற்ற இடங்கள் என்ன தருகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழி அடைபட்டுவிடும். பணத்தைப் பற்றிக் கேட்காமலே இந்தப் பரிந்துரையைத் தருவது பொறுப்பற்ற செயல்.

விற்பனைப் பிரிவில் பேசியவர் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினார். ஒவ்வோர் இடத்திலும் 10 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், பதினைந்து இடங்களுக்கு விண்ணப்பித்தால் ஒன்றிலாவது இடம் கிடைக்க 79 சதவீத வாய்ப்பு உண்டாம். பதினைந்து முறை பகடை உருட்டுவதாக இருந்தால் இந்தக் கணக்கு சரி. இங்கே பதினைந்து இடங்களுக்கும் போவது அதே மதிப்பெண் பட்டியல், அதே ஆசிரியர்களின் கடிதங்கள், அதே முதன்மைக் கட்டுரை. ஓரிடத்தில் தட்டிய குறை அடுத்த இடத்திலும் தட்டவே செய்யும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 75 முதல் 100 டாலர் வரை கட்டணம் இருப்பதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அறிக்கை தரும் விவரத்தைவிட நம்பகமான விவரம் இலவசமாகவே கிடைக்கிறது. பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில், பள்ளிப் பாடங்களின் கடினம், கட்டுரை, பரிந்துரை, பழைய மாணவர் உறவு, விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பதைப் பல்கலைக்கழகமே நான்கு நிலைகளில் குறித்துவிடுகிறது. சேர்ந்த மாணவர்களின் எஸ்ஏடி வீச்சு சி9 பகுதியில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

ஆலோசகருடனான சந்திப்பு இதற்கு நேர்மாறு. அந்த அம்மையார் அறிக்கையைத் திறக்கவே இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி வரிசையாகப் படித்தார். பத்தாம் வகுப்பில் ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்ததற்குக் காரணம் கேட்டு, அது மஞ்சள் காமாலை என்று தெரிந்ததும், அதை மாணவி எழுதாமல் பள்ளி எழுதுவதுதான் எடுபடும் என்றார். செயல்பாடுகளின் பட்டியலில் விவாதக் குழுவும் நாட்டியமும் இருந்தன. வீட்டில் என்ன செய்வாய் என்று அவர் கேட்ட பிறகுதான், எங்கள் அத்தானின் அச்சகத்தில் தினசரி நாட்காட்டிக்கு இவள் புரூஃப் பார்ப்பது வெளியே வந்தது. ராகு காலம், நல்ல நேரம், திதி, பண்டிகை நாள் என்று 365 தாள்களையும் மூலப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலை அது. ஒரு தாளில் தவறினால் ஆயிரக்கணக்கான வீடுகளில் தவறு தொங்கும். நிறுவனத்தின் படிவத்தில் இதற்குக் கட்டமே கிடையாது. பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ இணைய விண்ணப்பப் படிவத்தில் ஒரு செயல்பாட்டை விவரிக்க இடைவெளிகளோடு சேர்த்து 150 எழுத்துகள்தான் இடம். அந்த 150க்குள் இந்த வேலையை அடக்கி எழுத அவர் கற்றுக் கொடுத்ததற்குக் கட்டணத்தில் பாதி தகும்.

மீதிப் பாதி, பள்ளிக்காக அவர் தயாரித்துத் தந்த ஒருபக்கக் குறிப்புக்குத் தகும். அமெரிக்க விண்ணப்பத்துக்குப் பள்ளி ஆலோசகரின் கடிதமும் பள்ளி பற்றிய அறிக்கையும் வேண்டும். ஆலோசகரே இல்லாத பள்ளிகளில் அதை முதல்வர்தான் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் முதல்வர் முதலில், “கான்டக்ட் சர்டிஃபிகேட் போதாதா மேடம்?” என்றுதான் கேட்டார். குறிப்பைப் படித்த பிறகு, வகுப்பில் இவள் எந்த இடத்தில் இருக்கிறாள், பள்ளியில் என்னென்ன பாடங்கள் உண்டு, எவை இல்லை என்பதையெல்லாம் விவரமாக எழுதித் தந்தார்.

சதவீத அறிக்கை வேண்டாம், ஆலோசகரின் நேரத்தை மட்டும் இன்னொரு முறை வாங்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துத்தான் விற்பார்களாம், ஜிஎஸ்டி தனி.