மாதாந்திர டெலிவரியில் பருவப் போக்கு: எக்செல்லோடு 5 ஆண்டுகள்

மாதாமாதம் எவ்வளவு சரக்கு டெலிவரி ஆனது என்ற கணக்கை 5 ஆண்டுகளாக எக்செல்லில் போட்டு வருகிறேன். எந்த மாதம் ஏறும், எந்த மாதம் இறங்கும் என்று முன்பே தெரிந்தால்தான் வண்டிக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்ய முடியும்.

முதல் இரண்டு ஆண்டுகள் பிப்ரவரியை மந்தமான மாதம் என்றே நம்பினேன். வரைபடத்தில் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் ஒருநாள் மாத மொத்தத்தை நாட்களால் வகுத்துப் பார்த்தேன், பள்ளம் மறைந்துவிட்டது. 28 நாள் மாதம் 31 நாள் மாதத்தைவிட கிட்டத்தட்ட 10 சதவீதம் சிறியது, அவ்வளவுதான். வேலை நாள் 20 உள்ள மாதத்துக்கும் 23 உள்ள மாதத்துக்கும் 15 சதவீதம் வித்தியாசம் வரும். இப்போதெல்லாம் வேலை நாள் சராசரி போடாமல் இரண்டு மாதங்களை ஒப்பிடுவதே இல்லை.

பழைய கணக்கை வைத்து வரும் மாதங்களைக் கணிக்க, எக்செல் 2016இல் வந்த ஃபோர்காஸ்ட்.இடிஎஸ் (FORECAST.ETS) ஃபார்முலாவைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். வேகமானது, நம்பலாம். ஆனால் அதன் பழக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரே தேதியில் பல வரிகள் இருந்தால், நாம் எதுவும் சொல்லாவிட்டால் சராசரி எடுத்துக்கொள்ளும். சலானுக்கு ஒரு வரி, தேதிக்கு மாதத்தின் முதல் நாள் என்று நான் கொடுத்திருந்தேன். கிடைத்தது மாத மொத்தம் இல்லை, ஒரு சலானின் சராசரி அளவு! கூட்ட வேண்டும் என்றால் கடைசி இடத்தில் 7 கொடுக்க வேண்டும். விடுபட்ட மாதத்தை அக்கம்பக்க மாதங்களைப் பார்த்து அதுவே நிரப்பிக்கொள்ளும். உண்மையிலேயே டெலிவரி இல்லாத மாதம் என்றால் 0 என்று எழுதிவிடுங்கள். பருவ நீளத்தையும், அதாவது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அதே போக்கு திரும்பும் என்பதையும், 12 என்று நாமே கொடுப்பது நல்லது.

இன்னொன்று, அது பருவ ஏற்றத்தைக் கூட்டல் முறையில் பார்க்கிறது, அதாவது உச்ச மாதத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவு கூடும் என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் அளவு வளர வளர உச்ச மாதத்தின் ஏற்றமும் அதே விகிதத்தில் பெருகியது. அதனால் ஒரு மாதம் சாதாரண மாதத்தைவிட எவ்வளவு கூட, குறைய என்று காட்டும் பருவக் குறியீட்டைத் தனியாகக் கணக்கிடுகிறேன். 12 மாத நகரும் சராசரி (ஒவ்வொரு மாதமாக நகர்த்தி 12 மாதங்களுக்கு எடுக்கும் சராசரி) எடுத்து, அடுத்தடுத்த இரண்டு சராசரிகளையும் மீண்டும் சராசரியாக்கி நடு மாதத்தில் நிறுத்த வேண்டும். அந்த மாத டெலிவரியை இந்தச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் விகிதம் வரும். ஒவ்வொரு மாதத்துக்கும் விகிதங்களின் சராசரியை எடுத்து, 12 மாதக் கூட்டுத்தொகை 1200 ஆகும்படி சரிசெய்தால் குறியீடு தயார். 118 என்றால் சாதாரண மாதத்தைவிட 18 சதவீதம் அதிகம். இரு முனைகளிலும் 6 மாதம் உதிர்ந்துவிடும் என்பதால், 3 ஆண்டுத் தரவு இருந்தாலும் ஒரு மாதத்துக்கு 2 விகிதங்களே கிடைக்கும். இதை வைத்துப் பெரிய முடிவு எடுக்காதீர்கள்.

எந்த ஃபார்முலாவும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் செப்டம்பர் உச்சம் ஆண்டுதோறும் வந்தது. டெலிவரி தேதிக்குப் பக்கத்தில் ஆர்டர் தேதிக்கும் ஒரு பத்தி சேர்த்த பிறகுதான் புரிந்தது: ஆகஸ்டில் ஸ்டாக் தீர்ந்து, நிலுவை முழுக்க செப்டம்பரில் போயிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டது ஆகஸ்டில்தான். இந்த ஆண்டு கொள்முதலை ஜூலைக்கு முன்னகர்த்தியிருக்கிறேன்.