ஃபைஃபாக்ஸ் செயலி: இயக்கவியல் கற்பவருக்கு எங்கே கைகொடுக்கும், எங்கே ஏமாற்றும்

ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட இந்தச் செயலி, கைப்பேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் சென்சார்களை ஆய்வகக் கருவிகளாக மாற்றுகிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம். விளம்பரம் கிடையாது. மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு இயக்கவியலுக்கும் கல்லூரி முதலாண்டு ஆய்வகத்துக்கும் இதைவிடச் செலவு குறைந்த துணை கிடைப்பது அரிது. ஆனால் எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தில் இல்லை. மைக்கை வைத்து நேரம் அளக்கும் பகுதி மிகச் சிறப்பு. முடுக்கமானியை நம்பிய பகுதிகளோ, அந்தச் சென்சார் உண்மையில் எதை அளக்கிறது என்று புரிந்தவருக்கு மட்டுமே பயன்படும்.

அந்தப் புரிதலிலிருந்தே தொடங்க வேண்டும். 'ஆக்சிலரேஷன் வித் ஜி' (ஈர்ப்பும் சேர்ந்த முடுக்கம்) என்ற பகுதியைத் திறந்து போனை மேசைமேல் மல்லாக்க வைத்தால், திரைக்குச் செங்குத்தான இசட் அச்சில் 9.8 மீ/வி² காட்டும். அசையாமல் கிடக்கும் பொருளுக்கு ஏது முடுக்கம் என்று மாணவர்கள் கேட்பார்கள்; சென்சார் பழுது என்றும் சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். பழுதில்லை. சிப்பின் உள்ளே மெல்லிய சுருள்போன்ற அமைப்பில் நிற்கும் ஒரு நுண்ணிய நிறை எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் முடுக்கமானி அறிகிறது. மேசை மேல்நோக்கித் தள்ளுவதால் அந்த நிறை விலகியே நிற்கிறது, 9.8 என்பது அந்தத் தாங்கு விசையின் கணக்கு. போன் தடையின்றி விழும்போது தாங்க எதுவும் இல்லை, அளவு சுழியத்துக்கு அருகில் இறங்கிவிடும். 'வித்அவுட் ஜி' என்பது தனிச் சென்சார் அல்ல. ஈர்ப்பின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துப் போன் தரும் எண் அது. கைரோஸ்கோப் (சுழற்சியை அளக்கும் சென்சார்) இல்லாத மலிவு போன்களில் இந்தப் பகுதி இயங்காது, இயங்கினாலும் நம்ப முடியாது.

போனையே விழவிட்டு ஈர்ப்பு முடுக்கத்தை அளப்பது எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது. கீழே தடிமனான மெத்தையோ இரண்டு தலையணையோ கட்டாயம் வேண்டும். மூன்று அச்சுகளையும் சேர்த்த மொத்த அளவைக் காட்டும் 'அப்சல்யூட்' வரைபடத்தில் கோடு 9.8இலிருந்து சரிந்து, அடியில் சுழியத்தை ஒட்டிக் கிடந்து, மோதும்போது செங்குத்தாக எழும். அடியில் கிடந்த நேரம்தான் விழுந்த நேரம். 1 மீட்டருக்கு 0.45 விநாடி வர வேண்டும். கைவிடும்போது போன் சற்றே சுழன்றாலும் சுழியம் வராது. சிப் போனின் நிறைமையத்தில் இல்லாததால் மையநோக்கு முடுக்கம் அதோடு சேர்ந்துகொள்ளும். இரு விரல்களால் பிடித்து விடுவதைவிட, நூலில் கட்டித் தொங்கவிட்டு நூலை வெட்டினால் சுழற்சி குறையும். கருத்தை விளக்க இது அருமையான சோதனை. துல்லியமாக அளக்க வேண்டுமானால் இதற்கடுத்த பகுதிக்குப் போங்கள்.

'அக்கூஸ்டிக் ஸ்டாப்வாட்ச்', அதாவது ஒலியால் தொடங்கி ஒலியால் நிற்கும் கடிகாரம். இந்த ஒரு வசதிக்காகவே செயலியை நிறுவலாம். மர அளவுகோல் ஒன்றை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி வையுங்கள். மேசைமேல் உள்ள முனையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, நீண்டிருக்கும் முனையில் சைக்கிள் பால்ரஸையோ கோலிக்குண்டையோ வையுங்கள். நேர் கீழே தரையில் ஓர் எவர்சில்வர் தட்டு. அளவுகோலைப் பக்கவாட்டில் மரக்கட்டையால் சுருக்கென்று தட்டினால் 'டொக்' என்ற ஒலியில் கடிகாரம் ஓடத் தொடங்கும். குண்டு தட்டில் விழும் ஒலியில் நிற்கும். தட்டுவது கிடைமட்டமாக இருக்க வேண்டும். பக்கவாட்டுத் தள்ளல் விழும் நேரத்தைப் பாதிக்காது, மேல்நோக்கிய சிறு உந்தல் பாதிக்கும். விரலை எடுத்துவிட்டால் அளவுகோலும் சேர்ந்து விழுந்து கடிகாரத்தைக் குழப்பும்.

இதில் மாற்றக்கூடிய அமைப்புகள் இரண்டு. 'த்ரெஷோல்ட்' என்பது எவ்வளவு உரத்த ஒலிக்குக் கடிகாரம் அசைய வேண்டும் என்பது. மின்விசிறி ஓடினால் தானாகவே தொடங்கிவிடும், எனவே விசிறியை நிறுத்துங்கள், அல்லது அளவைக் கூட்டுங்கள். 'மினிமம் டிலே' என்பது தொடங்கியபின் எவ்வளவு நேரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது. அளவுகோலின் அதிர்வொலியே கடிகாரத்தை நிறுத்திவிடாமல் இது காக்கிறது, 0.1 விநாடி பெரும்பாலும் போதும். 0.1ஐ ஒட்டியே எண்கள் திரும்பத் திரும்ப வந்தால், அது குண்டு விழுந்த நேரமல்ல, எதிரொலி.

பலர் கவனிக்காத பிழை போனை வைக்கும் இடத்தில் இருக்கிறது. ஒலி 1 மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவிநாடி ஆகும். போன் தட்டின் பக்கத்தில் கிடந்தால் தொடக்க ஒலி தாமதமாக வந்து சேரும், அளந்த நேரம் அந்த 3 மில்லிவிநாடி குறையும். 0.452இல் இது 0.7 விழுக்காடுதான், ஆனால் நேரத்தை இருமடியாக்குவதால் முடுக்கத்தில் 1.3 விழுக்காடு ஏறிவிடும். இரண்டு ஒலிகளும் பிறக்கும் இடங்களுக்குச் சம தூரத்தில், பாதி உயரத்தில் ஒரு முக்காலிமேல் போனை வைத்தால் இந்தப் பிழை ஒழியும். 0.50, 0.75, 1.00, 1.25 மீட்டர் உயரங்களுக்கு முறையே 0.319, 0.391, 0.452, 0.505 விநாடி எதிர்பார்க்கலாம். உயரத்தைக் குண்டின் அடிப்புறத்திலிருந்து தட்டு வரை அளக்க வேண்டும். உயரத்துக்கு எதிராக நேரத்தின் இருமடியை வரைந்தால் வரும் நேர்கோட்டின் சாய்விலிருந்து முடுக்கத்தை எடுப்பது, ஒரே உயரத்தில் பத்து முறை அளப்பதைவிட நல்லது. நிலையான பிழை இருந்தால் கோடு வரைபடத்தின் ஆதிப்புள்ளியை விட்டு விலகிக் காட்டிக்கொடுக்கும். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச்சில் 0.1 விநாடி தடுமாற்றம் சாதாரணம் என்பதை நினைத்தால் இந்த வசதியின் அருமை விளங்கும்.

பந்து துள்ளும் ஒலிகளிலிருந்து உயரத்தையும் ஆற்றல் இழப்பையும் கணிக்கும் பகுதியும் இதே மைக் முறைதான். இரண்டு துள்ளல்களுக்கு இடையில் 0.80 விநாடி என்றால் பந்து எழுந்த உயரம் 9.8 × 0.64 ÷ 8, அதாவது 0.78 மீட்டர். அடுத்த இடைவெளி 0.68 என்றால் மிஞ்சிய ஆற்றல் 72 விழுக்காடு. பந்தைக் கைவிட்ட கணத்தில் ஒலி எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மோதலிலும் ஒரே விகிதம் ஆற்றல் போகிறது என்று எடுத்துக்கொண்டுதான் செயலி முதல் உயரத்தைச் சொல்கிறது. காற்றுத் தடையை அது கணக்கில் கொள்வதில்லை. டேபிள் டென்னிஸ் பந்தை 1 மீட்டரிலிருந்து விட்டால் தரையைத் தொடும் தறுவாயில் காற்றுத் தடை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். கனமான ரப்பர் பந்து, கிரானைட் அல்லது மொசைக் தரை: இந்தச் சேர்க்கைதான் சரியான விடை தரும்.

சுழற்சிக்கு உள்ள பகுதியும் உயர்தரம். சுழல் நாற்காலியின் இருக்கையில், விளிம்பை ஒட்டிப் போனை டேப்பால் ஒட்டி, ஒருமுறை சுழற்றிவிட்டுத் தானாக நிற்க விடுங்கள். கோணத் திசைவேகத்தின் இருமடிக்கு எதிராக முடுக்கம் நேர்கோடாக விழும். அதன் சாய்வே ஆரம். ஆனால் அந்த ஆரம் அச்சிலிருந்து சிப் வரையிலானது, போனின் நடுப்புள்ளி வரையிலானது அல்ல. போனை அதே இடத்தில் தலைகீழாகத் திருப்பி மறுபடி அளந்து, இரண்டு ஆரங்களின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் சிப் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றே கண்டுபிடித்துவிடலாம். மிக வேகமாகச் சுழற்ற வேண்டாம். 0.30 மீட்டர் ஆரத்தில் விநாடிக்கு 10 ரேடியன் என்றாலே 30 மீ/வி² ஆகிவிடும்; சில போன்களின் முடுக்கமானி 20ஐ ஒட்டியே முட்டி நின்றுவிடும். அப்போது வரைபடம் மேலே தட்டையாகும்.

ஊசல் பகுதியில் தவறு செயலியில் அல்ல, நீளத்தை அளப்பதில் வருகிறது. 50 செ.மீ. நூலில் 16 செ.மீ. போனை நெடுக்காகத் தொங்கவிட்டால் ஊசலின் நீளம் ஏறத்தாழ 58 செ.மீ., அலைவுக்காலம் 1.53 விநாடி. நூல் நீளத்தை மட்டும் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் 8.45 என்று வந்து நிற்கும். வீச்சை 10 பாகைக்குள் வைத்தால் கோணத்தால் அலைவுக்காலத்தில் வரும் பிழை 0.2 விழுக்காடுதான்.

லிஃப்ட் சோதனைக்குக் காற்றழுத்தமானி உள்ள போன் வேண்டும். 1 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல் குறையும், ஒரு மாடிக்கு 36. லிஃப்ட்டின் விசிறிக் காற்றே கோட்டை நடுங்க வைக்கும். ஆனாலும் லிஃப்ட் சீராக ஏறும்போது முடுக்கம் 9.8இலேயே நிற்பதை மாணவர்கள் கண்ணால் பார்ப்பது நூறு விளக்கங்களுக்குச் சமம்.

முடுக்கத்தை இருமுறை தொகையிட்டுத் தூரம் காணலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். 0.05 மீ/வி² என்ற சிறு விலகல் சென்சாரில் இருந்தால் போதும், பத்தே விநாடியில் 2.5 மீட்டர் பொய்த் தூரம் சேர்ந்துவிடும். எந்தச் செயலியாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

மோதல் விசையின் உச்சத்தை அளக்கவும் இதை நம்பாதீர்கள். ஐபோனில் நொடிக்குச் சுமார் 100 அளவீடுகள்தான். சில மில்லிவிநாடியில் முடியும் மோதல் இரண்டு புள்ளிகளுக்கிடையே நழுவிவிடும்.

வகுப்பில் பயன்படுத்துவோர் 'ரிமோட் ஆக்சஸ்' வசதியை முதலில் பழகிக்கொள்ளுங்கள். ஒரே வைஃபையில் உள்ள கணினியின் உலாவியில், போன் காட்டும் முகவரியைத் தட்டினால் வரைபடம் பெரிய திரையில் ஓடும். ஊசலில் தொங்கும் போனைத் தொடாமலே தொடங்கவும் நிறுத்தவும் முடியும். பள்ளியில் வைஃபை இல்லையென்றால் இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட் போதும், இணையம் தேவையில்லை. தரவை எக்செல் கோப்பாகவும் எடுக்கலாம். சோதனைக்கு முந்தைய நாளே எந்த மாணவரின் போனில் கைரோஸ்கோப், எதில் காற்றழுத்தமானி என்று செயலியில் பார்த்துக் குழு பிரித்துவிடுங்கள். இரண்டும் இல்லாத போன்களுக்கு ஒலிக் கடிகாரத்தைக் கொடுங்கள்; மைக் இல்லாத போன் கிடையாது.