அன்னாசிக்கான துளையிட்ட நிலப்போர்வை: 25 செ.மீ. சுருளா, 30 செ.மீ. சுருளா?

இரட்டை வரிசை அன்னாசி நடவுக்கென்றே துளையிட்டு விற்கப்படும் கறுப்பு நிலப்போர்வையில் (களை முளைக்காதிருக்க மண்மேல் விரிக்கும் தாள்), கன்றுக்குக் கன்று 25 செ.மீ. இடைவெளி கொண்ட சுருள் ஒன்றும் 30 செ.மீ. கொண்ட சுருள் ஒன்றும் வாங்கி, அடுத்தடுத்த மேட்டுப்பாத்திகளில் விரித்து, ஒரே அளவுள்ள பக்கக் கன்றுகளை நட்டு, முதல் அறுவடை முடிந்த பிறகு இதை எழுதுகிறேன். இரண்டிலும் வரிசைகளுக்கு நடுவே 60 செ.மீ., பாத்திகளுக்கு நடுவே 90 செ.மீ. இக்கணக்கில் ஹெக்டேருக்கு முதல் சுருளில் சுமார் 53,300 கன்றுகளும், இரண்டாவதில் சுமார் 44,400 கன்றுகளும் பிடிக்கும்.

நெருக்கி நட்டால் மகசூல் கூடும் என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான். ஆனால் கூடுவது நிலத்தின் மொத்த மகசூல். ஒவ்வொரு பழத்தின் எடையோ குறைகிறது. இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வேறுபாடு இலையிலேயே தெரிந்துவிட்டது. செடியின் இலைகளை ஒன்றாகக் கூட்டிப் பிடித்து, அவற்றுள் மிக நீளமானதை அளந்து வளர்ச்சியைக் கணிப்பது வழக்கம். நெருக்கமான பாத்தியில் அந்த இலை ஒடுங்கி நிமிர்ந்து நின்றது. அகன்ற பாத்தியிலோ இலைகள் பட்டையாக விரிந்து, அடிப்பகுதி கைக்குத் திண்ணென்று இருந்தது.

நெருக்கத்திலும் நன்மை உண்டு. இலைகள் விரைவில் மூடிக்கொள்வதால் நடைபாதையில் களை குறைந்தது, பழங்கள் ஒன்றையொன்று தாங்கி நின்றன, வெயில் சுட்ட பழமும் குறைவு. இனிப்பில் நாவுக்குத் தெரியும்படி வேறுபாடு எதுவும் இல்லை. மாவுச்சத்தைச் சேமித்து வைக்காத அன்னாசி பறித்த பின் இனிப்பேறாது என்பதால், எந்தப் பக்குவத்தில் அறுக்கிறோம் என்பதே சுவையில் பெரும் பங்கு வகிக்கிறது. மறுதாம்புக்கு, அதாவது புதிதாக நடாமல் பக்கக் கன்றுகளிலிருந்தே அடுத்த விளைச்சல் எடுக்க, விட நினைப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: நெருக்கமான பாத்தியில் பக்கக் கன்றுகள் குறைவாகவும் மெலிந்தும் வந்தன. முழுப்பழமாக எடைக்கு விற்பவர்களுக்கு 30 செ.மீ. சுருளையும், சாறுக்கும் துண்டுக்கும் அனுப்புபவர்களுக்கு 25 செ.மீ. சுருளையும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

துளைகள் முக்கோண முறையில், ஒரு வரிசைக் கன்று மறுவரிசையின் இடைவெளிக்கு நேராக வரும்படி அமைந்திருப்பது மிகவும் நன்று; நாடா பிடித்து அளந்தபோது சுருளின் கடைசிவரை அளவு பிசகவில்லை. துளையின் விட்டந்தான் போதவில்லை. பருத்த கன்றுகளை நுழைக்கும்போது ஓரம் கிழிந்து, அந்தக் கிழிசல் வழியே களை தலைகாட்டியது. நட்டதிலிருந்து அறுவடைக்கு ஒன்றரை ஆண்டு வரை ஆகக்கூடிய பயிருக்கு இந்தத் தாளின் கனமும் போதாது. முதல் பழம் முற்றுவதற்குள் வெயில் பட்ட விளிம்புகள் விரலால் தொட்டாலே பொடிந்தன. இதே துளை அமைப்பில் கனமான தாள் வந்தால் மறுபடியும் வாங்குவேன்.