காபரேற்றர்: கழுவுவதா, மாற்றுவதா?

முல்லைத்தீவுக் கரையில் பழைய படகு எஞ்சின் கிளம்பிச் சற்றே ஓடி நின்றுவிட்டால், உடனே எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேற்றரைக் குறை சொல்கிறார்கள். முதலில் எரிபொருள் குழாயின் ரப்பர் கைப்பம்பை அழுத்துங்கள். அது இறுகாவிட்டால், பெரும்பாலும் குழாயில் காற்றுப் புகுகிறது.

அடைப்பு காபரேற்றரில்தான் என்றால், கழுவுவதே என் தேர்வு. நாள்பட்டுத் தேங்கிய எரிபொருள் பிசினாகி, எரிபொருளை அளந்து விடும் ஜெட்டின் நுண்துளையை அடைக்கிறது. கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள். கம்பியால் குத்தவே கூடாது! துளை பெருத்தால் எஞ்சின் எரிபொருளைக் குடிக்கும், தீப்பொறி தரும் பிளக் கரிபிடிக்கும்.

புதியது வாங்குவது சுலபம், விலைதான் கனக்கும். ஆனால் உப்பு அரித்து, காபரேற்றரில் எரிபொருள் தங்கும் மிதவைக் கிண்ணம் பொத்தலாகியிருந்தால் வேறு வழியில்லை. மாடல் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கும் பெற்றோல் எஞ்சினுக்கும் ஜெட் அளவு வேறு.