கீழக்கரைக்கு வந்த ஜப்பானிய ட்சுபா

ஜப்பானிய வாள் சேகரிப்பை, வாளுக்கு முன் அதன் கைக்காப்புத் தட்டான ட்சுபாவிலிருந்து தொடங்கலாம் என்றெண்ணி, இணையக் கடையொன்றில் பழைய இரும்பு ட்சுபா ஒன்றை வாங்கினேன். 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதை ஜப்பானிய அரசு தடைசெய்த பின் இத்தகைய தட்டுகள் சேகரிப்பாளர்களிடம் பெருமளவில் வந்து சேர்ந்தன. நடுத்துளையின் இரு முனைகளிலும், வாளின் அடித்தண்டு ஆடாமல் நிற்பதற்காக அடித்துச் செருகிய செம்புத் துண்டுகள் இருப்பது, இது வெறும் அலங்காரப் பொருளாகக் கிடந்ததன்று என்ற நம்பிக்கையைத் தந்தது.

ஆனால் துருவே இல்லை என்று விற்கப்பட்ட தட்டின் பின்புறத்தில் எண்ணெயால் மறைத்த செந்துரு இருந்தது. கேட்டதற்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள், அப்படிச் செய்தால் காலம் ஏற்றிய கருமையும் மதிப்பும் சேர்ந்தே போய்விடும். சன்னல் கம்பியே தாங்காத எங்கள் உப்புக்காற்றில், அதை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் எவர்சில்வர் டப்பாவில் வைத்துள்ளேன். பொதி கட்டியது கச்சிதம், விலையும் நியாயம். எனினும் வாள் வாங்க இவர்களிடம் போக மாட்டேன்.