ஒரு படுகொலை, மூன்று புத்தகங்கள்: யார் எந்தக் காகிதத்தை நம்பினார்கள்?

1857 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில், யூட்டாவின் தென்மேற்கு மூலையில் மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளி. அர்க்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கூண்டு வண்டிகளில் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் ஐந்தாம் நாளாக முற்றுகைக்குள் கிடந்தன. ஊற்று கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான், போய் மொள்ளத்தான் வழியில்லை. யூட்டாவில் குடியேறியிருந்த மார்மன் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த ஜான் டி. லீ வெள்ளைக்கொடியோடு வந்தார். ஆயுதங்களை ஒப்படைத்தால் பத்திரமாக அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்தார். நம்பி நடந்தவர்களை, காவலுக்குக் கூட நடந்த மார்மன் குடிப்படையினரே சுட்டுத் தள்ளினார்கள். செத்தவர்கள் சுமார் 120 பேர். சாட்சி சொல்லும் வயது இல்லை என்று 17 குழந்தைகளை மட்டும் விட்டுவைத்தார்கள்.

நீண்ட காலம் மார்மன் சபைக்குள் புழங்கிய கதை வேறு. செய்தது பையூட் பூர்வகுடிகள், கூட நின்றது லீ, வழிப்போக்கர்களும் வாய்த்துடுக்கானவர்கள், ஊற்றில் விஷம் கலந்தவர்கள். அந்தக் கதையை இன்று தீவிர ஆய்வாளர் யாரும் தூக்கிப் பிடிப்பதில்லை. எஞ்சியிருக்கும் வழக்கு ஒன்றுதான். சால்ட் லேக் சிட்டியில் இருந்த சபைத் தலைவர் பிரிகாம் யங்குக்கு இதில் என்ன பங்கு?

ஒருவர் எதையெல்லாம் எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்று பார்க்க இந்த வழக்கைப் போல வசதியான இடம் மார்மன் வரலாற்றில் வேறில்லை. ஜுவானிட்டா புரூக்ஸ் 1950-ல் எழுதியது முதல் புத்தகம். வில் பேக்லி 2002-ல் எழுதிய ‘பிளட் ஆஃப் த ப்ராஃபெட்ஸ்’ இரண்டாவது. ரொனால்ட் வாக்கர், ரிச்சர்ட் டர்லி, க்ளென் லியோனார்ட் மூவரும் 2008-ல் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வெளியிட்டது மூன்றாவது.

ஆட்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது சுலபம். புரூக்ஸ் சபையை விட்டுப் போகாத விசுவாசி, தெற்கு யூட்டாவின் பள்ளி ஆசிரியை. தாத்தா டட்லி லீவிட் அந்தக் களத்தோடு பெயர் சேர்த்துப் பேசப்பட்டவர். பேக்லி மார்மன் வம்சத்தில் பிறந்து நம்பிக்கையை விட்டவர். ஆக்ஸ்ஃபோர்டு மூவரும் சபையார். அதிலும் டர்லி சபையின் வரலாற்றுத் துறையையே நடத்தியவர். இந்த விவரங்களை வைத்து, பேக்லி தாக்குவார், மூவர் காப்பார்கள், புரூக்ஸ் நடுவில் நிற்பார் என்று நினைத்தால் பாதிதான் சரி. காகிதம் காகிதமாகப் பார்த்தால்தான் மீதி தெரியும்.

முதல் காகிதம் யங்கின் கடிதம். முற்றுகை தொடங்கியதும் பக்கத்து மார்மன் ஊரான சீடார் சிட்டியிலிருந்து ஜேம்ஸ் ஹாஸ்லம் என்பவரை, என்ன செய்யட்டும் என்று யங்கிடம் கேட்டுவரக் குதிரையில் அனுப்பினார்கள். 250 மைல். அவர் செப்டம்பர் 10-ல் சேர்ந்தார், பதில் அன்றே எழுதப்பட்டது. அது திரும்பி வந்தபோது செப்டம்பர் 13, எல்லாம் முடிந்து இரண்டு நாள். கடிதத்தில் அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்கள் உண்டு. நீங்கள் அவர்கள் விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது ஒன்று. இந்தியர்கள் (அதாவது பூர்வகுடிகள்) தங்கள் இஷ்டப்படி செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம் என்பது மற்றது. சபையின் வக்கீல்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், எதிரணி இரண்டாவதில்தான் ஆரம்பிக்கும். புரூக்ஸ் கடிதத்தை முழுசாகவே அச்சிட்டார். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் படிப்பவர் தானே எடை போட்டுக்கொள்ள இடம் கொடுத்தது அந்த ஒரு முடிவுதான்.

இரண்டாவது காகிதம்தான் உண்மையான சண்டைக்களம். டிமிக் ஹன்டிங்டன் யங்கின் மொழிபெயர்ப்பாளர். 1857 செப்டம்பர் 1 அன்று பூர்வகுடித் தலைவர்கள் யங்கைச் சந்தித்ததை அவர் நாட்குறிப்பில் எழுதினார். தெற்கு வழியாகக் கலிபோர்னியாவுக்குப் போகும் மாடுகளை யங் அவர்களுக்கே கொடுத்துவிட்டதாக அதில் இருக்கிறது. மாட்டைக் கொடுத்தால் மாட்டுக்காரனையும் கொடுத்ததாகத்தானே அர்த்தம் என்று பேக்லி வாதாடுகிறார். அவர் வழக்கின் நடுத்தூண் இதுதான், வலுவான தூண்தான். மத்திய அரசு ஏறத்தாழ 2500 சிப்பாய்களை யூட்டாவை நோக்கி அனுப்பியிருந்த நேரம் அது. பூர்வகுடிகளைத் தன் பக்கம் இழுக்க யங் எதையும் கொடுக்கும் மனநிலையில் இருந்தார்.

ஆனால் அதே குறிப்பில் பேக்லி சறுக்குகிறார். அமெரிக்கர்களோடு மோத எங்களுக்குப் பயம், நாங்கள் தானியம் விளைவிக்கிறோம், நீங்கள் சண்டை போடுங்கள் என்று தலைவர்கள் சொன்னதாகவே குறிப்பு இருக்கிறது என்கிறார்கள் மற்ற ஆய்வாளர்கள். பேக்லியின் பக்கத்தில் ‘தானியம்’ இருந்த இடத்தில் ‘துணைப்படை’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ரெய்ஸ்’ என்ற வினை விளைவிக்கவும் பொருந்தும், படை திரட்டவும் பொருந்தும். அந்த ஒரு சொல் மாறியதில், பின்வாங்கியவர்கள் போருக்குக் கிளம்பியவர்கள் ஆகிவிட்டார்கள். பேக்லி வேண்டுமென்றே திரித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கிறுக்கல் கையெழுத்தில் தனக்கு வேண்டிய சொல்லைக் காண்பது யாருக்கும் நடக்கும். ஆனால் அப்படிக் காணும்போதுதான் இரண்டாம் முறை பார்த்திருக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு மூவர் மாடு கொடுத்ததை மறைக்கவில்லை. அது போர்க்காலத் தந்திரம், கொல்லச் சொன்ன உத்தரவு அல்ல, கொலை முடிவு சீடார் சிட்டியின் உள்ளூர்த் தலைவர்களுடையது என்று படிப்படியாகக் காட்டுகிறார்கள். இந்தப் பகுதியில் அவர்கள் கை ஓங்கியிருக்கிறது. காரணம் எளிது, சபையின் ஆவணப் பெட்டிச் சாவி அவர்களிடம் இருந்தது. ஆண்ட்ரூ ஜென்சன் 1892-ல் உயிரோடிருந்தவர்களிடம் எடுத்த நேர்காணல் குறிப்புகள் அவர்கள் மேசைக்கு வந்தன. பின்னாளில் இந்தக் கொலைக்காக லீ மீது நடந்த விசாரணையில் எழுதப்பட்ட சுருக்கெழுத்தைப் புதிதாகப் பெயர்த்தார்கள். எல்லோரும் அதுவரை மேற்கோள் காட்டிய பிரதியில் விடுபாடும் மாற்றமும் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஊற்றில் விஷம் என்ற பழைய கதைக்கும், மாடுகளுக்கு வந்த ஆந்த்ராக்ஸ் நோயாக இருக்கலாம் என்று சபைக்காரர்களே மாற்று விளக்கம் கொடுத்தார்கள். 

அதே பெட்டி புரூக்ஸுக்குத் திறக்கவில்லை. தெற்கு யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் ஊரில் சேகரிக்கப்பட்ட பிரமாண வாக்குமூலங்களைப் பார்க்க சால்ட் லேக் வரை போய்க் கேட்டார். இல்லை என்று அனுப்பினார்கள். அவர் அதைப் புத்தகத்திலேயே எழுதிவைத்தார்: இப்படி ஒன்று இருக்கிறது, எனக்குக் காட்டவில்லை. கையில் இல்லாததைப் பற்றி வாசகனுக்குத் தகவல் சொல்லிய இந்தக் குணத்தை மற்ற இரண்டு புத்தகங்களைவிட நான் உயர்வாக வைக்கிறேன். யங் உத்தரவிடவில்லை, ஆனால் அவரும் மற்றவர்களும் பேசிய பேச்சு நெருப்புக்குச் சுள்ளி அடுக்கியது, பிறகு உண்மை தெரிந்தும் மூடி மறைத்தார் என்பது அவர் முடிவு. சபை அவரை நீக்கவில்லை. ஊர்க்காரர்கள்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

லீயின் வாக்குமூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், எல்லோரும் தேவையான பக்கத்தைத்தான். 1877 மார்ச் 23-ல் அதே புல்வெளியில் லீ சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய வக்கீல் வெளியிட்டது அது. யங்கின் நேரடிக் கட்டளையில்தான் சபையின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஏ. ஸ்மித், படுகொலைக்கு ஆட்களைத் தயார்செய்யத் தெற்கே வந்தார் என்று நம்புவதாக அதில் லீ சொல்கிறார். விற்றால் காசு வரும் புத்தகத்தில் எந்த வரி லீயுடையது, எது வக்கீலுடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கடைசியாக ஒரு காட்சி. 1859-ல் ராணுவ மேஜர் ஜேம்ஸ் கார்ல்டன் எலும்புகளைப் பொறுக்கிப் புதைத்து, மேலே கல் குவித்து, சிலுவை நட்டார். அதில் ‘பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்’ என்ற வசனம். 1861-ல் யங் அந்த இடத்துக்குப் போனார். பழிவாங்குதல் எனக்குரியது, நான் கொஞ்சம் வாங்கியும்விட்டேன் என்று இருக்க வேண்டும் என அவர் சொன்னதாக, கூடப் போன சபையின் அப்போஸ்தலர் (மூத்த தலைவர்) வில்ஃபோர்ட் உட்ரஃப் தன் நாட்குறிப்பில் எழுதினார். எழுதியவர் பகையாளி அல்ல, பின்னாளில் சபைக்கே தலைவரானவர். யங் வாய் திறக்காமல் வலது கையைத் தூக்கினார், ஐந்து நிமிடத்தில் கல் மேல் கல் இல்லை என்பது டட்லி லீவிட்டின் நினைவு. அதைத் தன் புத்தகத்தில் போட்டவர் அவர் பேத்தி புரூக்ஸ். பேக்லிக்கு இது விருந்து. ஆக்ஸ்ஃபோர்டு மூவரின் விரிவான கதையோ படுகொலையோடு நின்றுவிடுகிறது. மூடிமறைத்த இருபது வருடத்தை இன்னொரு நூலுக்கு ஒத்திவைத்தார்கள். டர்லியும் பார்பரா ஜோன்ஸ் பிரவுனும் எழுதிய அந்த நூல் 2023-ல்தான் வந்தது. யங்குக்கு மிக சங்கடமான ஆண்டுகளை, பதினைந்து வருடம் காத்திருந்துதான் வாசகன் படிக்க முடிந்தது. எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்பதும் தேர்வுதான்.

எனவே என் வரிசை இது. முதலில் புரூக்ஸ். அடுத்து 2008, நாள் மணி விவரத்துக்கு. பேக்லியை அதன் பக்கத்தில் விரித்து வைத்து, குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலாகப் படியுங்கள், நீதிபதியாக வேண்டாம். நேரம் இருந்தால் 2023.

1999 ஆகஸ்டில் அங்கே புதிய நினைவுச்சின்னம் கட்டத் தோண்டியபோது இயந்திரம் குறைந்தது 28 பேரின் எலும்புகளை வெளியே கொண்டுவந்தது. ஆய்வாளர்கள் மண்டையோடுகளில் துப்பாக்கிக் காயங்களைக் குறித்துக்கொண்டிருந்தபோதே, செப்டம்பர் 10-க்குள் திரும்பப் புதைத்தாக வேண்டும் என்று மாநில ஆளுநர் தரப்பிலிருந்து உத்தரவு வந்தது. ஆளுநர் பெயர் மைக் லீவிட். அவரும் டட்லி லீவிட்டின் வம்சம்.