கோடையில் மாரத்தான் பயிற்சி: விடியலா, மாலையா, டிரெட்மில்லா?

ஒப்பிட ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். செவ்வாய் இன்டர்வல் (இடைவேளை விட்டு விட்டு வேகமாக ஓடுவது) 11 கி.மீ., புதன் மெதுவோட்டம் 8, வியாழன் டெம்போ (சற்றுச் சிரமமான வேகத்தைச் சீராகப் பிடித்து ஓடுவது) 10, சனி மெதுவோட்டம் 7, ஞாயிறு நீள ஓட்டம் 24. மொத்தம் 60 கி.மீ. குளிர்காலத்தில் இதை எந்த நேரத்தில் ஓடினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கோடையில் இதே வாரம் ஒருவரைத் தேற்றும், இன்னொருவரைப் படுக்கவைக்கும். ஐந்து நாளையும் ஒரே நேரத்தில், ஒரே விதமாக ஓடித் தீர்க்கப் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேலை வேறு என்பதால், அதற்கேற்ற இடமும் நேரமும் வேறாகத்தான் இருக்கும்.

முதலில் சூட்டின் கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 10 கி.மீ. ஓடினால் 600. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகத்தான் மாறுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோகும். ஆக, கணக்குப்படி வியர்வை ஒன்றே போதும். ஆனால் ஆவியாகும் வியர்வைதான் உடலைக் குளிர்விக்கும். சொட்டிக் கீழே விழுவது தண்ணீர் நஷ்டம் மட்டுமே. சட்டையைப் பிழிந்து “எவ்வளவு வியர்த்திருக்கிறேன் பார்” என்று மகிழ்வதில் அர்த்தமில்லை.

விடியலும் மாலையும்

“காலையில் ஈரப்பதம் 90 சதவீதம், மாலையில் 50தான். அதனால் மாலையே மேல்.” ஓடுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாதம் இது. தவறான வாதம். சதவீதம் என்பது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். 25 டிகிரி செல்சியஸில் 90 சதவீதமும், 35 டிகிரியில் 50 சதவீதமும் காற்றில் ஏறக்குறைய ஒரே அளவு நீராவிதான். இரண்டிலும் டியூ பாயின்ட், அதாவது காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23 டிகிரியை ஒட்டியே வரும். தோலிலிருந்து வியர்வை ஆவியாவதற்கு இரண்டு நேரத்திலும் கிட்டத்தட்ட ஒரே தடைதான். ஆனால் விடியலில் தோலைவிடக் காற்று பத்து டிகிரி குளிர்ச்சி. மாலையில் அந்த உதவி கிடையாது. தரையும் சுவர்களும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையில் திருப்பித் தருகின்றன. எனவே வானிலைச் செயலியில் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். டியூ பாயின்ட்டைப் பாருங்கள். 15க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் வேகம் குறையும். 24க்கு மேல் போனால் அன்று டெம்போவை வெளியே ஓடாமல் இருப்பதே நல்லது.

உடலின் கணக்கும் விடியலுக்கே சாதகம். உள் வெப்பநிலை அதிகாலையில் மிகக் குறைவாகவும், பிற்பகல் முடிந்து மாலை தொடங்கும்போது அதிகமாகவும் இருக்கும். இடையே அரை டிகிரி அளவுக்கு வித்தியாசம் வரும். உடம்பு தாங்கக்கூடிய உச்சத்துக்கு அதிகாலையில் கூடுதல் இடைவெளி இருக்கிறது என்று பொருள். மாலைக்கு ஒரே ஒரு பலம் காற்று. சில இடங்களில் விடியல் அசைவற்றுக் கிடக்கும், மாலையில் நல்ல காற்று வீசும். அங்கே விடியலுக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் குறையும்.

வெயில் இல்லாவிட்டால் போதும் என்று இரவை நம்புவோரும் உண்டு. 2019இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவை ஒட்டித் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. வென்றவரின் நேரமே 2:32:43. டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானை வடக்கே சப்போரோவுக்கு மாற்றியதோடு, பெண்கள் ஓட்டத்தைக் காலை ஏழு மணியிலிருந்து ஆறுக்கு முன்தள்ளினார்கள், அதுவும் முந்தைய இரவில் முடிவெடுத்து. ஒரு மணி நேரத்துக்கே அவ்வளவு மதிப்பு.

விடியலின் விலை தூக்கம். நான்கு மணிக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதுக்குள் படுத்தாக வேண்டும். தூக்கத்தை ஆறு மணி நேரத்துக்குக் கீழே வெட்டி வாரத்துக்கு ஐந்து விடியல் ஓடுபவர், மூன்றாவது வாரத்தில் டெம்போ ஓட முடியாமல் “சூடு தாங்கவில்லை” என்று சொல்வார். அங்கே சூட்டைவிடத் தூக்கக் குறைவுக்குத்தான் பெரிய பங்கு. இன்னொரு சிக்கல், இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காமல் கிடந்த உடம்போடு ஓடுவது. எழுந்ததும் 250 முதல் 300 மி.லி. குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்துக் கிளம்புங்கள்.

மாலையை ஒதுக்கிவிடவும் வேண்டாம், ஏனெனில் உடம்பு சூட்டுக்குப் பழகுவது சூட்டில் ஓடினால்தான். முதல் மூன்று முதல் ஐந்து நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு குறைகிறது. பிறகு வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. 10 முதல் 14 நாட்களில் பெரும்பகுதி பழக்கம் வந்துவிடும். சூட்டை விட்டு விலகினால் சில வாரங்களில் போய்விடும். இதற்கு 45 முதல் 60 நிமிட மெதுவோட்டம் போதும். சூட்டில் இன்டர்வல் ஓடினால் பழக்கம் இரட்டிப்பாகாது. வேகம் குறைந்து, அசதி மட்டும் கூடும். உங்கள் பந்தயமே குளிர்ந்த மாதத்தில் என்றால், மாலை ஓட்டம் வாரத்துக்கு இரண்டோடு நிற்கட்டும்.

டிரெட்மில்

குளிரூட்டிய அறையில் டெம்போ ஓடினால் வேகம் உண்மையாக இருக்கும். கிலோமீட்டருக்கு 5:20 நிமிடம் என்றால் 5:20தான், காற்றும் வெயிலும் அதில் கை வைக்காது. கால் தசைக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய வேலை முழுசாகக் கிடைக்கிறது. ஆனால் நின்ற இடத்தில் ஓடுவதால் எதிர்க்காற்று இல்லை. 21 டிகிரி அறையிலும் இருபதாவது நிமிடத்தில் தோலைச் சுற்றி ஈரமான காற்று தேங்கிவிடும். பெரிய மின்விசிறி ஒன்று முகத்துக்கும் மார்புக்கும் நேராக, ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். மேலே சுழலும் விசிறி போதாது.

இயந்திரம் காட்டும் வேகத்தையும் சோதித்துப் பாருங்கள். பெல்ட்டின் முழு நீளத்தை அளந்து, ஓரத்தில் ஒரு குறி போட்டு, ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போது 20 சுற்றுக்கான நேரத்தை எடுங்கள். பெல்ட் 3.2 மீட்டர் என்றால் 20 சுற்று 64 மீட்டர். மணிக்கு 12 கி.மீ. என்று திரை காட்டினால் அது 19.2 விநாடியில் முடிய வேண்டும். 20.5 ஆனால் நீங்கள் ஓடுவது 11.2தான். வெறும் பெல்ட்டில் அளந்தால் கணக்கு தவறும், ஏனெனில் எடை ஏறும்போது பல இயந்திரங்கள் தளர்கின்றன.

நீள ஓட்டத்தை மட்டும் இதில் வைக்க வேண்டாம். மேடு, பள்ளம், திருப்பம் எதுவுமில்லாமல் இரண்டரை மணி நேரம் ஒரே அடி விழுந்தால், ஒரே தசைநார்தான் எல்லாச் சுமையையும் வாங்கும்.

கடிகார வேகமா, இதயத் துடிப்பா?

சூட்டில் ரத்தம் தசைக்கும் தோலுக்கும் பங்கிடப்படுகிறது. வியர்வையால் ரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவதால், அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வேகத்தைப் பிடித்துவைத்தால் மெதுவோட்டம் உங்களுக்குத் தெரியாமலே டெம்போவாக மாறிவிடும். ஆகவே மெதுவோட்டத்திலும் நீள ஓட்டத்திலும் துடிப்புக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். தாண்டினால் ஒரு நிமிடம் நடந்துவிட்டுத் தொடருங்கள். கிலோமீட்டருக்கு 30, 40 விநாடி கூடினால் கூடட்டும்.

இன்டர்வலில் நேர் எதிர். துடிப்பு ஏற நேரம் எடுக்கும், 400 மீட்டர் அதற்குள் முடிந்துவிடும். அங்கே வேகத்தைக் காப்பாற்றுங்கள், மற்றதைத் தளர்த்துங்கள். ஆறு முறை 1000 மீட்டருக்குப் பதில் பத்து முறை 600 ஓடுங்கள். மொத்தம் அதே 6 கி.மீ. இடைவேளை 90 விநாடியிலிருந்து இரண்டரை நிமிடம் ஆகட்டும்.

கைக்கடிகாரத்தின் துடிப்பை முழுதாக நம்ப வேண்டாம். வியர்வையில் பட்டை நழுவும்போது, துடிப்புக்குப் பதில் காலடி எண்ணிக்கையையே அது படிக்கக்கூடும். நிதானமாக ஓடும்போது திடீரென 172 என்று நின்றுவிட்டால் அதுதான் காரணமாக இருக்கும். மார்புப் பட்டை இதில் தெளிவாக மேல்.

தண்ணீர், விளையாட்டு பானம், ஓ.ஆர்.எஸ்.

முதலில் உங்கள் வியர்வையை அளந்துகொள்ளுங்கள். ஓடுமுன் உடையின்றி எடை 58.0 கிலோ, ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் துடைத்துக்கொண்டு 56.9, நடுவே குடித்தது அரை லிட்டர். வியர்த்தது 1.6 லிட்டர். வழியில் அவ்வளவையும் ஈடுகட்ட முயல வேண்டாம். மணிக்கு 800 மி.லி. தாண்டினாலே பலருக்கு வயிறு குலுங்கும். எடையில் இரண்டு சதவீத இழப்பை ஒட்டி முடித்தால் போதும்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும். நீள ஓட்டத்துக்கு அது போதாது. விளையாட்டு பானத்தில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் சர்க்கரை இருக்கும், ஆனால் சோடியம் பெரும்பாலும் 500 மி.கி. அளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கலவையில் சோடியம் சுமார் 1,700 மி.கி., குளுக்கோஸ் வெறும் 13.5 கிராம். முன்னது எரிபொருள், பின்னது உப்பு. சட்டையில் வெள்ளைக் கோடு படிபவர் ஓடும்போது பானத்தையும், முடித்தபின் ஓ.ஆர்.எஸ்.ஸையும் குடிக்கலாம். ஓடும்போது விழுங்கும் சர்க்கரைக் கூழான ஜெல்லைப் பானத்தோடு சேர்த்து விழுங்க வேண்டாம். சர்க்கரை அடர்ந்துபோய்க் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும், பத்து நிமிடத்தில் கழிப்பறை தேட வேண்டிவரும். ஜெல்லுக்குத் தண்ணீர்தான்.

அதிகம் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்த சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியதோடு அது வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. ஓடி முடித்தபின் எடை ஏறியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

வாரத்தை அடுக்கினால்

செவ்வாய் இன்டர்வல் விடியலில். புதனும் சனியும் மாலையில், துடிப்பு வரம்போடு. வியாழன் டெம்போ டியூ பாயின்ட்டைப் பொறுத்து: 20க்குக் கீழே என்றால் விடியலில் வெளியே, 24க்கு மேல் என்றால் விசிறியோடு டிரெட்மில். இடைப்பட்டதாக இருந்தால் வெளியே, இரண்டு துண்டாகப் பிரித்து, நடுவே நான்கு நிமிடம் நடந்து. ஞாயிறு 24 கி.மீ., 6:30 வேகத்தில் 2 மணி 36 நிமிடம். 4:15க்குத் தொடங்கினால் ஏழுக்குள் முடியும். 6 கி.மீ. வட்டத்தை நான்கு முறை சுற்றுவது ஒரே நீட்டாகப் போவதைவிட நல்லது. தண்ணீரை ஒரே இடத்தில் வைக்கலாம், உடம்பு மறுத்தால் 18இல் நிறுத்தலாம்.

எந்த ஓட்டத்திலும் சூட்டில் குளிர் எடுத்தால், மயிர் சிலிர்த்தால், அங்கேயே நிறுத்துங்கள். உடன் ஓடுபவர் தடுமாறினால், பேச்சு குழறினால், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னால் அது சாதாரணச் சோர்வு அல்ல, வெப்பத்தாக்கு. “வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறார்” என்று ஏமாற வேண்டாம், ஓடும்போது வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் கழுத்துவரை குளிர்ந்த நீரில் இறக்குங்கள். தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். தொட்டி இல்லையென்றால் உடம்பு முழுக்க நீரை ஊற்றி, ஈரத் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தேறியவர் குறைந்தது ஏழு நாள் ஓடக் கூடாது. அதன் பிறகும் மருத்துவர் பார்த்து அனுமதித்தால் மட்டும், குளிர்ந்த வேளையில் சிறிய மெதுவோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.